முதல் மூட்டை

வேன் காலியாக வந்தால் சரக்கு ஏற்ற வருகிறது என்று அர்த்தம். வந்த ஆள் கையை வீசிக்கொண்டு இறங்கினால் வில்லங்கம் என்று அர்த்தம். சருகுக்காரன் இலை உலர்த்தும் தொழிலில் இருபது வருஷம் குப்பை கொட்டியவன், அவனுக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அன்று காலை ஆராய்ச்சிக்கூடத்து வேன் கொட்டகை முன்னால் வந்து நின்றது. அங்கே இலைகளைச் சோதிக்கிற கண்ணாடியம்மா இறங்கினார். கையில் ஒரு நோட்டும் பேனாவும்தான். காலிச் சாக்கு ஒன்றுகூட இல்லை. டிரைவர் இன்ஜினை அணைத்துவிட்டு இருக்கையைப் பின்னால் சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டார். சீக்கிரம் முடிகிற சமாசாரம் இல்லை என்று அதிலேயே தெரிந்துவிட்டது.

கொட்டகை என்றால் தகரக் கூரை போட்ட நீளமான கூடம். இரண்டு பக்கமும் கம்பிவலைத் தட்டுகள், ஆள் உயரத்துக்கு ஐந்தடுக்கு. தலைமுடிக்குப் பூசும் சாயத்துக்கான இலை, சோப்புக் கம்பெனிக்குப் போகும் இலை, கொதிநீரில் போட்டுக் குடிக்கும் இலை என்று எது வந்தாலும் அங்கே காயும். கொட்டகைக்குப் பின்னால் ஒட்டினாற்போல ஒரு அறையும் அடுப்படியும். அதுதான் வீடு. சருகுக்காரன், அவன் மனைவி, இரண்டு வயசுப் பெண் குழந்தை, இரண்டு வருஷம் முன்பு பெட்டியோடு வந்து சேர்ந்த அவனுடைய அக்கா, எல்லாரும் அந்த ஒரே அறையில்தான் படுத்து எழுந்தார்கள். அக்காவைத் தெருவில் பெரியக்கா என்பார்கள்.

மனைவிக்கும் தெரு ஒரு பேர் வைத்திருந்தது. மூக்குக்காரி. வாசலில் நின்றபடியே எந்தத் தட்டில் ஈரம் பாக்கி இருக்கிறது என்று வாசனையில் சொல்லிவிடுவாள். ஒரு இலையை எடுத்துக் காதருகே வைத்து நசுக்குவாள். மொறுமொறுத்தால் சரி. சத்தம் போடாமல் மடங்கினால் இன்னும் அரை நாள் என்பாள். பேர் வைத்தவர்கள் தொழிலை மட்டும் நினைத்து வைக்கவில்லை. பக்கத்து வீட்டில் யார் வந்தார்கள், எதற்கு வந்தார்கள், ஏன் இவ்வளவு சீக்கிரம் கிளம்பினார்கள் என்பதும் அந்த மூக்குக்குத் தப்பாது. எதையும் நம்ப மாட்டாள். கடையில் முட்டை வாங்கினால் ஒவ்வொன்றையும் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டுத்தான் பையில் வைப்பாள்.

கண்ணாடியம்மா பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து விஷயத்தைச் சொன்னார். கல்குவாரி ஓரத்தில் படர்ந்து கிடக்கிற பால்கொடி இலையை இவர்களிடம் நான்கு முறை வாங்கியிருந்தார்கள். முதல் மூட்டையின் சாறு சோதனையில் கிருமியைப் பெருகவிடாமல் பிடித்து நிறுத்தியிருக்கிறது. ஆராய்ச்சிக்கூடத்தில் எல்லாரும் கைகொடுத்துக்கொண்டார்களாம். அடுத்து வந்த மூன்று மூட்டைகளிலும் ஒன்றும் இல்லை. வெறும் தண்ணீரை ஊற்றியது போலக் கிருமி பாட்டுக்குப் பெருகியிருக்கிறது. முதல் மூட்டையின் பொடியோ கடைசி சிட்டிகைவரை தீர்ந்துவிட்டது.

எந்தக் கிருமிங்க என்று சருகுக்காரன் பேச்சுக்குக் கேட்டுவைத்தான்.

"எச்.ஐ.வி.," என்றார் கண்ணாடியம்மா. "உடனே மருந்து கண்டுபிடிச்சாச்சுன்னு வெளியில சொல்லிடாதீங்க. இது மருந்து இல்ல. மருந்தாகிறதுக்குப் பத்துப் பதினஞ்சு வருஷம்கூட ஆகும், ஆகாமலும் போகும். இருக்கிற மருந்துக்குக் கிருமி பழகிடுது. அதனால புதுசா தேடிக்கிட்டே இருக்கோம்."

சல்லடையில் இலைத்தூளைச் சலித்துக்கொண்டிருந்த பெரியக்காவின் கை நின்றது. அவ்வளவுதான், மறுபடி ஆட ஆரம்பித்துவிட்டது. ஆனால் நின்றதை மூக்குக்காரி பார்த்துவிட்டாள்.

அப்புறம் விசாரணை. எந்தக் கொடி, எந்தப் பக்கம், யார் பறித்தது, எத்தனை நாள் காய்ந்தது, எந்தத் தட்டு, பக்கத்துத் தட்டில் என்ன இருந்தது. வேறு இலை கலந்தீர்களா என்று அந்த அம்மா வாய்விட்டுக் கேட்கவில்லை. கேட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. அதே கேள்வியை நாலு விதமாகத் திருப்பித் திருப்பிப் போட்டார். சுவரில் ஒட்டியிருந்த காகிதத்தை எழுந்து போய்ப் படித்தார். நிழலில் காய வேண்டும், தண்ணீர் படக்கூடாது, வேறு இலையோடு சேரக்கூடாது என்று அவர்களே முதல் தடவை கொடுத்துவிட்டுப் போன காகிதம் அது. கடைசி மூன்று மூட்டைக்கும் இதில் இருக்கிறபடிதான் செய்தோம் என்று மூக்குக்காரி சொன்னாள். அது சத்தியம். முதல் மூட்டைக்கும் அப்படித்தானா என்று கேட்டபோது, அப்படித்தான் என்றாள். அந்த வார்த்தை கொஞ்சம் நின்றுதான் வந்தது.

அடுத்த திங்கட்கிழமை வருவதாகச் சொல்லிவிட்டு எழுந்தார் கண்ணாடியம்மா. முதல் மூட்டை எப்படிக் காய்ந்ததோ அதே மாதிரி ஒரு மூட்டை வேண்டும். இல்லாவிட்டால் இந்தக் கொடியைப் பட்டியலிலிருந்து அடித்துவிடுவார்கள். அவர்கள் கையில் இன்னும் முந்நூறு செடிகள் வரிசையில் நிற்கின்றன, ஒன்றையே பிடித்துத் தொங்க முடியாது என்றார். அடித்தால் அடித்ததுதான், மறுபடி அதைத் தொடமாட்டார்கள் என்பதையும் சொன்னார்.

அந்த வாரம் அந்த வீட்டில் சோற்றில் உப்பு இருந்ததோ இல்லையோ, சந்தேகம் இருந்தது. மற்றக் கம்பெனிகளுக்கு இவர்களிடம் இலை வாங்கிக் கொடுக்கிற புரோக்கரைத்தான் சருகுக்காரன் முதலில் சந்தேகப்பட்டான். நமக்கு நேரடியாக ஆர்டர் வந்த வயிற்றெரிச்சலில் வழியில் வேனை மடக்கி மூட்டையை மாற்றியிருப்பான் என்றான். அது நிற்காது என்று தெரிந்ததும் மனைவியைப் பார்த்து, நான் குவாரியில் இருந்த நேரத்தில் நீ எதையாவது எதிலாவது கொட்டித் தொலைத்தாயா என்று கேட்டான். அவள் பாத்திரத்தைத் தேய்த்த தேய்ப்பே பதில்.

அவளுடைய சந்தேகம் நாத்தனார்மேல் இருந்தது. இன்று நேற்று முளைத்ததல்ல. புருஷனை இழந்தவள், வீடு கைவிட்டுப்போய்த் தம்பியிடம் வந்திருக்கிறாள், சரி. ஆனால் அந்தத் தகர டப்பாவை யாரும் தொடக்கூடாது என்பது ஏன்? காலை சரியாக ஒன்பது மணிக்கு, உலகமே இடிந்தாலும், ஒரு மாத்திரை. கேட்டால் பிரஷர் என்பாள். பிரஷருக்குப் பக்கத்திலேயே டாக்டர் இருக்கும்போது மூன்று மாதத்துக்கு ஒருமுறை இரண்டு பஸ் மாறிப் பெரிய ஆஸ்பத்திரிக்குத் தனியாக ஏன் போகவேண்டும்? இப்போது அந்தச் சல்லடை வேறு நின்றிருக்கிறது. பால்கொடி இலையை எடுத்துக்கொண்டு போய் யாருக்கோ ரகசியமாக விற்கிறாள், குறைந்ததற்குக் கண்ட இலையைப் போட்டு நிரப்பியிருக்கிறாள் என்று மூக்குக்காரி கணக்குப் போட்டு வைத்திருந்தாள். போட்டது அத்தனையும் தப்பு.

மழைக்காலம் வேறு. நான்கு நாளாக வானம் மூடிக் கிடந்தது. தகரத்தில் தூறல் விழுகிற சத்தம் ஓயவில்லை. புதன்கிழமை மத்தியானம் சருகுக்காரன் இலை பறிக்கப் போயிருந்தான். குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. இரண்டு பெண்களும் எதிரெதிரே நின்று தட்டிலிருந்த இலைகளைப் புரட்டிக்கொண்டிருந்தார்கள். பெரியக்காதான் ஆரம்பித்தாள்.

"அன்னைக்கு நடந்ததை அந்தம்மாகிட்ட சொல்லிடும்மா."

"என்னைக்கு நடந்ததை?"

"சாக்குப் போட்டு மூடி வச்சியே, அன்னைக்கு."

மூக்குக்காரி புரட்டுவதை நிறுத்தவில்லை. ஆனால் ஒரே இலைகளைத் திரும்பத் திரும்பப் புரட்டினாள்.

இலை உலர்த்துகிறவர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. பதம் போடுவது என்பார்கள். நன்றாகக் காய்ந்த இலையை அப்படியே மூட்டையில் திணித்தால் நொறுங்கித் தூளாகிவிடும். அதனால் கட்டுவதற்கு முந்தின நாள் லேசாகத் தண்ணீர் தெளித்து, நனைத்த சணல் சாக்கால் மூடி வைப்பார்கள். இலை கொஞ்சம் துவளும், நொறுங்காது. எடையும் கொஞ்சம் கூடும், அதை யாரும் வெளியே சொல்வதில்லை. தொழிலில் இருக்கிற எல்லாரும் செய்வது, வாங்குகிற யாருக்கும் சொல்லாதது. மூக்குக்காரி பழக்கதோஷத்தில் முதல் மூட்டைக்கும் பதம் போட்டாள். தண்ணீர் படக்கூடாது என்று காகிதத்தில் இருந்தது அவளுக்குத் தெரியும். மழைத்தண்ணீரைத்தான் சொல்கிறார்கள் என்று எடுத்துக்கொண்டாள். மறுநாள் வேன் வந்திருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது. அன்றைக்குப் பார்த்து வெள்ளம் வந்து பாலத்தின் மேலே தண்ணீர் போயிற்று. ஒன்பது நாள் வண்டி ஓடவில்லை. குவாரிக்குப் போன சருகுக்காரனும் அக்கரையிலேயே மாட்டிக்கொண்டான். குழந்தைக்குக் காய்ச்சல். அந்தக் களேபரத்தில் இலைக் குவியலை யாரும் நினைக்கவில்லை. ஏழாம் நாள் அவள் சாக்கைத் தூக்கினால், உள்ளே இலையெல்லாம் சாம்பல் தூவினாற்போல வெள்ளையாகப் பூஞ்சை.

அவள் குழந்தையை நாத்தனாரிடம் கொடுத்தாள். இலையை மறுபடி பரப்பினாள். பழைய பெயின்ட் பிரஷ் ஒன்றை எடுத்து, ஒவ்வொரு இலையாகத் தட்டித் துடைத்தாள். அடுப்புக்கு மேலே தட்டை வைத்துக் காயவைத்தாள். மோந்து பார்த்து, வாசனை போய்விட்டது என்று அவளுடைய மூக்கே சான்று சொன்ன பிறகு கட்டி அனுப்பினாள். பெரியக்கா அதையெல்லாம் குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு பார்த்திருந்தாள். அந்தச் சணல் சாக்கு முடைநாற்றம் அடித்ததால் அதைக் கழுவக்கூட மனசில்லாமல் மூக்குக்காரி பரணில் விட்டெறிந்தாள். அந்தப் பயத்தில்தான் அடுத்த மூன்று மூட்டைகளையும் காகிதத்தில் இருந்தபடி, பொட்டுத் தண்ணீர் படாமல் காயவைத்தாள். திருட்டுத்தனமாகப் போன மூட்டை வேலை செய்தது. யோக்கியமாகப் போன மூன்றும் செய்யவில்லை. இந்த அநியாயத்தை யாரிடம் போய்ச் சொல்வது?

"அந்த ஒண்ணுதான் வித்தியாசம்," என்றாள் பெரியக்கா. "அதைச் சொல்லாம நீ நூறு மூட்டை அனுப்பினாலும் பிரயோசனம் இல்ல."

மூக்குக்காரி பொரிந்து தள்ளினாள். கெட்டுப்போன சரக்கைத் துடைத்து அனுப்பினோம் என்று தன் வாயால் சொல்லவேண்டுமா? அந்த அம்மா இனி இந்தத் தெருப் பக்கமே வரமாட்டாள். அது போகட்டும், புரோக்கர் காதுக்குப் போனால் சோப்புக் கம்பெனியும் போய்விடும், சாயக் கம்பெனியும் போய்விடும். தன் மூக்கை நம்பித்தான் இந்தக் கொட்டகைக்கு இலை வருகிறது.

"இதுல உங்களுக்கு என்ன அண்ணி வந்தது? அந்தம்மா உங்களுக்கு மாமனா மச்சானா? அந்த மருந்து வந்தா என்ன, வராட்டி என்ன?"

பெரியக்கா கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள். தகர டப்பாவோடு வந்தாள். இரண்டு வருஷமாக யாரும் தொடக்கூடாது என்றிருந்ததை இலைத்தட்டின் மேல் வைத்து, மூடியைத் தானே திறந்தாள்.

"இது பிரஷர் மாத்திரை இல்ல. அந்தம்மா சொன்ன கிருமிக்குத்தான். எங்க வீட்டுக்காரருக்கு இருந்தது. அவர் போனப்புறம்தான் எனக்கே தெரியும். முதல்ல கொடுத்த மாத்திரை நாலு வருஷம் கேட்டுச்சு. அப்புறம் கிருமி அதுக்குப் பழகிடுச்சு. வேலைக்குப் போன இடத்துல எல்லார் முன்னாடியும் முழுங்க வெட்கப்பட்டு, நாள் தவறி நேரம் தவறிப் போட்டேன். என் தப்புதான். இது ரெண்டாவது. இதுக்கும் பழகிட்டா இன்னொண்ணு இருக்குங்கிறார் டாக்டர். அதுக்கும் அப்புறம்னு கேட்டா, அதுக்குள்ள புதுசா ஏதாவது வந்திருக்கும்மாங்கிறார். எங்கேருந்து வரும்னு நான் கேட்டதில்ல. நம்ம தட்டுலேருந்தே வரலாம்னு திங்கக்கிழமைதான் தெரிஞ்சுது."

மூக்குக்காரி டப்பாவைப் பார்த்தாள். ஒரு கேள்விதான் கேட்டாள்.

"அவருக்குத் தெரியுமா?"

"தம்பிக்குத் தெரியும்."

"ஆக, இந்த வீட்டுல முட்டாள் நான் ஒருத்திதான்," என்றாள் மூக்குக்காரி. உள்ளே போய்த் தூங்குகிற குழந்தையைப் பெரியக்காவின் கட்டிலிலிருந்து அள்ளி எடுத்துக்கொண்டாள்.

சாயங்காலம் சருகுக்காரன் வந்ததும் அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் அவனுக்குத் தாங்கியிருக்கும். சொல்லியிருக்கலாமே என்று மட்டும் கேட்டாள். சொல்லியிருந்தால் அக்காவை உள்ளே விட்டிருப்பாயா என்று அவன் கேட்டான். விட்டிருக்கமாட்டேன் என்று அவளும் மறைக்காமல் சொன்னாள். அக்கா சொன்ன பூஞ்சை விவரத்தையும் அவன் கேட்டுக்கொண்டான். ஆனால் அதைக் கண்ணாடியம்மாவிடம் சொல் என்று மனைவியிடம் சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை. ஒரு பொய்யை வைத்துக்கொண்டு இன்னொரு பொய்யை எப்படித் தட்டிக் கேட்பது?

மறுநாள் காலை அடுப்படி அலமாரியில் நான்கு டம்ளர் இருந்தன. ஐந்தாவது, விளிம்பு நெளிந்த டம்ளர், தனியாக ஜன்னல் மேடையில் இருந்தது. பெரியக்கா அதில் தண்ணீர் பிடித்து மாத்திரையைப் போட்டுக்கொண்டாள். அன்று மத்தியானம் மூக்குக்காரி பரணில் ஏறினாள். கொட்டகையில் சாக்குக்குப் பஞ்சமில்லை, ஆனால் எல்லாம் பிளாஸ்டிக் சாக்கு, ஒரு ஆள் அகலம்கூட வராது. பதம் போடுவதற்காக இரண்டு சாக்கைப் பிரித்துச் சேர்த்துத் தைத்த அந்தச் சணல் சாக்குதான் பெரிசு. அதை இழுத்து, மழையானதால் கழுவவும் முடியாமல், சுவரில் இரண்டு தட்டுத் தட்டி, அறைக்குக் குறுக்கே கயிறு கட்டித் தொங்கவிட்டாள். அந்தப் பக்கம் பெரியக்காவின் கட்டில். இந்தப் பக்கம் மற்ற மூன்று பேர்.

என்ன சாக்கு என்று பெரியக்காவுக்குப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. அந்த முடைவாசனை முகத்துக்கு நேராக அடித்தது. சொல்லவில்லை. புருஷன் செத்தபோதுகூட அவள் அப்படி அழவில்லை. சத்தம் வராமல் தலையணையில் முகத்தை வைத்து அழுதாள். குழந்தைக்கு அது விளையாட்டு. சாக்கின் அடிமூலையைத் தூக்கித் தூக்கி, "அத்தை" என்று எட்டிப் பார்த்துச் சிரித்தது. மூக்குக்காரி இழுத்து இழுத்துப் பார்த்தாள், கேட்கவில்லை.

ஒன்றைச் சொல்லவேண்டும். மூக்குக்காரி சும்மா இருக்கவில்லை. தான் வாயைத் திறக்காமலே காரியம் முடியுமா என்று பார்த்தாள். வியாழக்கிழமையே ஒரு தட்டுப் பால்கொடி இலையில் யாருக்கும் தெரியாமல் தண்ணீர் தெளித்து, பிளாஸ்டிக் சாக்கால் மூடி, அடுப்புப் பக்கம் வைத்தாள். பூஞ்சை வந்தால் துடைத்து அனுப்பிவிடலாம், யாருக்கும் எதுவும் சொல்லவேண்டாம் என்பது திட்டம். ஞாயிறன்று திறந்தால் இலை கறுத்துச் சொதசொதவென்று அழுகியிருந்தது. அந்த வெள்ளை இல்லை. அந்த வாசனையும் இல்லை. அள்ளிக் குப்பையில் கொட்டினாள். நாத்தனாருக்காக இதைச் செய்தாளா, ஆர்டருக்காகச் செய்தாளா என்று கேட்டால் அவளுக்கே சொல்லத் தெரிந்திருக்காது.

திங்கட்கிழமை ஒன்பதுக்குக் கொஞ்சம் முன்னால் வேன் வந்தது. கண்ணாடியம்மா உட்காரவில்லை. மூட்டை எங்கே என்றார். சருகுக்காரன் தலையைச் சொறிந்துகொண்டு மழையைப் பற்றி ஏதோ ஆரம்பித்தான். அந்த அம்மா நோட்டைப் பிரித்தார். பட்டியலில் பேனா வைக்கப் போகிறார் என்று தெரிந்தது.

"மேடம்," என்றாள் மூக்குக்காரி. "முதல் மூட்டை கெட்டுப்போச்சு. பூஞ்சை பிடிச்சுது. நான்தான் துடைச்சு அனுப்பினேன். இவருக்குத் தெரியாது."

பதம் போட்டது, சாக்கு மூடியது, ஒன்பது நாள், பெயின்ட் பிரஷ், எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னாள். சொல்லிவிட்டுத் திட்டு வாங்கத் தயாராக நின்றாள். கண்ணாடியம்மா திட்டவில்லை. அவருடைய முகத்தில் இருந்தது கோபமா சந்தோஷமா என்று தெரியவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

சில சமயம் இலையில் கிடைக்கிற சரக்கு இலையுடையதே இல்லை, அதில் குடியிருக்கிற பூஞ்சையுடையது என்றார். பூஞ்சை அதைச் செய்திருக்கலாம். இலையில் இருந்ததைப் பூஞ்சை மாற்றியிருக்கலாம். இரண்டும் இல்லாமல், ஏதோ குப்பை சேர்ந்து சோதனையை ஏமாற்றியும் இருக்கலாம். மூன்றாவதுதான் அடிக்கடி நடக்கிறது என்றும் சொன்னார். அந்த அம்மாவும் லேசில் நம்புகிற ஆள் இல்லை.

"அந்தச் சாக்கு இருக்கா? கழுவிட்டீங்களா?"

"கழுவல."

"எங்க இருக்கு?"

சருகுக்காரன் தரையைப் பார்த்தான். மூக்குக்காரி உள்ளே போனாள்.

முடிச்சுகளை அவளே போட்டிருந்தாள், அவிழாதபடி இறுக்கிப் போட்டிருந்தாள். நகத்தால் முடியவில்லை, பல்லால் கடித்து இழுத்தாள். ஒரு பக்கம் அவிழ்ந்ததும் சாக்கு சரிந்தது. மெல்லிய வெள்ளைத் தூள் அவள் கையிலெல்லாம் உதிர்ந்தது. அந்தப் பக்கத்து ஜன்னல் வெளிச்சம் அறைக்குள் வந்தது. கட்டிலில் பெரியக்கா டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். குழந்தை ஓடிப் போய் அவள் முழங்காலைக் கட்டிக்கொண்டது. பெரியக்கா தொடவில்லை. இரண்டு கையையும் டப்பாவின் மேலேயே வைத்துக்கொண்டு, குழந்தையின் அம்மாவைப் பார்த்தாள். மூக்குக்காரியால் அந்தப் பார்வைக்கு நிற்க முடியவில்லை. சாக்கைச் சுருட்டிக்கொண்டு வெளியே வந்தாள்.

கண்ணாடியம்மா கையுறை போட்டுக்கொண்டு, பச்சைக் குழந்தையை வாங்குவது போல அதை வாங்கிப் பைக்குள் வைத்தார். நாலு பக்கமும் ஒட்டினார், தேதி எழுதினார். ஒன்றும் இல்லாமலும் போகலாம், ஆசை வளர்த்துக்கொள்ளாதீர்கள் என்றார். மூக்குக்காரி வேன் கதவுவரை கூடவே போனாள். குரலைத் தணித்துக்கொண்டு கேட்டாள்.

"மேடம், அந்தக் கிருமி இருக்கிறவங்க குடிச்ச டம்ளர்ல குடிச்சா? குழந்தை அவங்ககூடப் படுத்தா?"

போன வாரம் கேள்வியாகக் கேட்டுத் துளைத்த கண்ணாடியம்மா இப்போது யார், என்ன என்று ஒன்றுமே கேட்கவில்லை.

"ஒட்டாதும்மா. டம்ளர்ல ஒட்டாது, தொட்டா ஒட்டாது, கூடப் படுத்தா ஒட்டாது. மாத்திரையை மட்டும் நாள் தவறாம, நேரம் தவறாம போடணும்."

வேன் போயிற்று. கொட்டகை மூலையில் பிளாஸ்டிக் சாக்குகள் ஆள் உயரம் அடுக்கியிருந்தன. நாலைச் சேர்த்துத் தைத்தால் ஒரு திரைக்கு ஆகும். மூக்குக்காரி அவற்றைத் தாண்டி உள்ளே போனாள். கடிகாரத்தில் ஒன்பதேகால். பெரியக்கா மாத்திரையைக் கையில் வைத்துக்கொண்டு இன்னும் அப்படியே உட்கார்ந்திருந்தாள். தனக்கென்று வைத்த டம்ளருக்கு ஜன்னல் மேடைக்கு வந்திருக்கவேண்டும், வந்திருந்தால் கொட்டகையில் இருந்த கண்ணாடியம்மா கண்ணில் பட்டிருக்கவேண்டும்.

மூக்குக்காரி அலமாரியில் கைக்குக் கிடைத்த டம்ளரை எடுத்தாள். காலையில் அவள் தேநீர் குடித்துக் கவிழ்த்து வைத்த டம்ளர். தண்ணீர் பிடித்துக்கொண்டு போய் நீட்டினாள்.

"மணி ஒன்பது தாண்டிருச்சு அண்ணி. போடுங்க. அதைப் பழக விட்டுடாதீங்க."

பெரியக்கா வாங்கிக்கொண்டாள். மாத்திரையை வாயில் போட்டுத் தண்ணீரைக் குடித்தாள். மூக்குக்காரி நகரவில்லை. மாத்திரை உள்ளே இறங்கியதை நன்றாகப் பார்த்த பிறகுதான் டம்ளரைத் திரும்ப வாங்கினாள். எதையும் லேசில் நம்புகிறவள் இல்லை அவள்.